வாயில்லாப் பூச்சி

மீவாட்ன் ஏரிக்கரையில் ஜூன் மாதம்
இரவென்று ஒன்று வருவதில்லை.
மலைக்குப் பின்னால் கொஞ்சம் ஒளிந்துவிட்டு
வெயில் மறுபடி ஏறிவிடும்.

நாங்கள் திரை போட்டுத் தூங்குகிறோம்.
ஏரி தூங்காது.
அடிச்சேற்றுப் பாசி
அந்த வெளிச்சத்தை மடக்கு மடக்காய்க் குடிக்கும்.
பாசியை மேயும் சிவப்புப் புழு,
நூல் கனம், நகக்கண் நீளம்.

அப்புறம் ஒரு நாள், காற்று அடங்கிய மாலையில்,
ஏரி எழுந்து நிற்கும்.
புகை என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
புகையில்லை, பூச்சி.
கடிக்காது. கடிக்க வாயே இல்லை.
புழுவாய் இருந்தபோது தின்றதுதான் கைமுதல்;
அதை வைத்து நாலைந்து நாள்
பறந்து, கூடி, சாகும்.

காதுக்குள், காப்பிக்குள்,
பாடிக்கொண்டே வரும் என் மகன் கௌட்டியின் பல்லிடுக்கில்.
ஜன்னலைத் துடைத்துத் துடைத்து அலுத்த தோர்கில்ஸ்
"இதுகளால் யாருக்கு என்ன லாபம்?" என்பான்.

அது ஏரியின் காதில் விழுந்துவிட்டது போலும்.
அடுத்த ஜூன் வந்தது. பூச்சி வரவில்லை.
கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருந்தது.
முகவலை இல்லாமல் வெளியே மேஜை போட்டுச் சாப்பிட்டோம்.
சிரித்தோம்கூட.

முதலில் வாத்துகள்.
கூட்டில் நாலு முட்டை விட்டு மிச்சத்தை எடுப்பது
இங்கே எல்லார் வீட்டு வழக்கம்.
எண்ணினேன். நாலு.
அடுத்த கூட்டில் மூன்று.
கூடை காலியாய் வீடு வந்தது.
வலையில் ட்ரவுட் மீன்,
தலை மட்டும் பெரிது; உடம்பு செருப்பு வார்.
ஆகஸ்டில் கரைப்புல் வெளுத்தது.
இதை நான் நினைக்கவே இல்லை.
செத்து விழுந்த பூச்சியின் உரத்தில்தான்
இத்தனை காலம் எங்கள் ஆடுகள் கொழுத்தனவாம்.

சொன்னவள் ஸ்டெய்ன்வோர், பூச்சி அளக்க வருபவள்.
பொறிக்குப்பியை உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்டினாள்:
மூன்று.
போன வருஷம் இதே குப்பி வழிந்ததாம்.
"ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குப் போகும்போது
பத்தில் ஒன்றுதான் ஒட்டும்" என்றாள்,
"அதுவும் சுமாராக."
மீதி?
"சூடாய்ப் போய்விடும். உரம் திரும்பி வரும்,
வெயில் வராது."

செப்டம்பரில் புகைக்குடிலைத் திறந்தேன்.
வெட்டிக் காயவைத்த ஆட்டுப் புழுக்கைக் கட்டிகள்,
முந்தின வருஷத்தவை. கனமானவை.
நல்ல பூச்சிக்காலத்துப் புல் தின்ற ஆடுகளுடையவை.
அதை மூட்டி, மேலே
இந்த வருஷத்து ஒல்லி மீன்களைத் தொங்கவிட்டேன்.
அன்றைக்கு ஜன்னலில் துடைத்தெறிந்ததுதான்
இப்போது புகைந்து
இந்தப் பட்டினிக்கு ருசி ஏற்றிக்கொண்டிருக்கிறது.

விரல்களை நீட்டினேன்.
ஒட்டாமல் போகும் அந்த ஒன்பதில் ஏதோ துளி
மூட்டுகளில் கொஞ்ச நேரம் தங்கியது.

தோர்கில்ஸ் கதவைத் திறந்து,
ஏதோ கேட்க வந்தவன்,
அப்படியே நின்றான்.

"மூடு" என்றேன்.
"சூடு போகிறது."