எழுத்துப் பெட்டியில் குறைந்தவை

(மெக்சிகோ நகரம், கொள்ளைநோய் ஆண்டு)

செவில்லில் எண்ணித்தான் போட்டிருந்தார்கள்.
ஸ்பானியம் பேசும் வாய்க்கு
'ஆ' எத்தனை வேண்டும், 'ஓ' எத்தனை வேண்டும்,
அந்தக் கணக்கில் வார்த்த ஈயம்.
'ஷ' ஒலிக்கும் எழுத்து மட்டும்
முப்பத்தொன்று.

சிலுவையை யாரோ இடித்துச் சாய்த்தது போலிருக்கும் அது.
எங்கள் மொழியில்
பூ அதில்தான் தொடங்கும்.
ஆண்டும், புல்லும், நீலக்கல்லும்
ஒரே சொல்லாக அதில்தான் தொடங்கும்.
கடைக்குட்டிப் பெண்ணுக்கு வைக்கும் பெயரும்.

ஃப்ரே அனஸ்தாசியோ கொடுத்த கையெழுத்துப் படியில்
இரண்டு பக்கத்துக்குள்ளேயே நாற்பது வந்துவிட்டன.
"பல்த்தசார், கை ஏன் நின்றது?"
"பூ தீர்ந்துபோயிற்று, ஐயா."
அவர் சிரித்தார்.
முதலாளி உர்பினா சிரிக்கவில்லை.
கப்பல் சரக்கின் விலை அவருக்குத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு பக்கமாக.
கோத்து, மை தட்டி, அறுநூறு தாள் அடித்து,
சாம்பல்நீரில் கழுவி, கலைத்து,
திரும்பவும் அதே ஈயம்.
"கனவை யாரிடம் போய்ச் சொன்னாய்?" என்று
திங்களன்று கேட்ட எழுத்துகள்
புதனன்று
"யாருடைய சோளத்தைத் திருடினாய்?" என்றன.
பாவமன்னிப்புக் கேட்பவருக்கான புத்தகம்.
கேள்விகள் மட்டும்தான்.
பாவங்களை எல்லாம் நான்
தலைகீழாகத்தான் கற்றேன்.

மழைக்கு முன்னே நோய் வந்தது.
மூக்கில் தொடங்கும் இரத்தம், நிற்காது.
புத்தகத்தை நிறுத்திவிட்டு
ஒற்றைத் தாள் ஒன்று அடிக்கச் சொன்னார்கள், எண்ணூறு:
எந்த நரம்பைக் கீறினால் எந்தக் காய்ச்சல் இறங்கும் என்று,
கை படம் போட்டு, ஸ்பானியத்தில்.
அதற்கு எழுத்து
போதுமானதாக இருந்தது.

என் தங்கை மகதலேனா ஷோக்கோ
சந்தையில் தக்காளி விற்பவள்,
கடன் சொன்னால் சீறுபவள்,
ஐந்தாம் நாள் போய்விட்டாள்.
கோயில் பதிவேட்டில்
'மகதலேனா, இந்தியப் பெண்' என்றிருந்தது.
குறை சொல்ல மாட்டேன்.
எழுதியவருக்கு அன்று அறுபத்திரண்டு பேர்;
கை வீங்கியிருந்தது.

பள்ளத்தின் ஓரத்தில்
இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன்.
ஒரே ஒரு 'ஷ'. பட்டறையிலிருந்து எடுத்து வந்தது.
விளக்குக் கரி தடவி
அவளைச் சுற்றிய பாயின் மூலையில் அழுத்தினேன்.
பதியவில்லை.
எச்சில் தொட்டு இன்னொரு முறை.
கோரைக்கு மை பிடிக்காது;
இத்தனை வருடம் இந்த வேலை செய்கிறேன்,
தெரிந்திருக்க வேண்டும்.
பின்னால் ஆள் காத்திருந்தார்கள், அவரவர் பாயோடு.
ஈயத்தையே உள்ளே செருகிவிட்டேன்.

அப்புறம் முப்பதுதான்.

நாற்பத்தேழாம் பக்கத்துக்கு முப்பத்தொன்று வேண்டும்.
ஒன்பதாம் வரியில் பூவின் முன்னால்
'ச' ஒன்றைக் கோத்துவிட்டேன்.
அறுநூறு தாளும் அடித்துக் காய்ந்த பிறகு
ஃப்ரேயின் விரல் அங்கே நின்றது.
"இது யாருடையது?"
பாவம் என்பதற்கு எங்கள் சொல்லொன்றை
அவரேதான் தேடி எடுத்திருந்தார்.
அதற்கு நாங்கள் கொள்ளும் பொருள்
பழுது. உடைந்தது.
தரையில் விழுந்த பானைக்கும் சொல்லலாம்.
"என் பழுது, ஐயா" என்றேன்.
அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.
அவர் என்னவென்று கேட்டுக்கொண்டாரோ.

கூலியில் இரண்டு ரியால் பிடித்தார்கள்.
கடைசித் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தோம்:
'நாற்பத்தேழு, ஒன்பதாம் வரி, பூ எனக் கொள்க.'
அந்த வரிக்கும் ஒரு 'ஷ' செலவானது.

புத்தகம் தைத்து முடிந்தது.
எங்கள் தெருவில் பதினாறு வீட்டில்
நான்கில் புகை எழுகிறது.
யாரைக் கேட்பது சோளம் திருடினாயா என்று?
சோளம் வயலிலேயே முற்றிக் கருத்து நிற்கிறது,
திருட ஆளில்லாமல்.

நேற்று முதலாளி செவில்லுக்குக் கடிதம் எழுதினார்.
அந்த எழுத்தில் இருநூறு அனுப்பவும்.
"போதுமா?" என்று என்னைக் கேட்டார்.
பெட்டியில் அந்த அறையைத்
துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஈரம் காயட்டும் என்றேன்.