வரியில்லாத் தாள்

ஜூன் இருபத்தெட்டு. ராத்திரி பதினொன்று.
மைலோ டின்னைக் கவிழ்த்தேன்.
ஒரு வருஷம் மேசைமேல் விழுந்தது
சுருள் சுருளாக.

பெட்ரோல், செப்புக் குழாய், கேஸ் தோங்,
பாலத்துக் கட்டணம், ஏணிக்கு ரப்பர்க் கால்,
சாரங்கன் சறுக்கி விழுந்த அன்று
வாங்கிய கட்டுத் துணி.
பாதிக்கு மேல் வெறும் வெள்ளை.
சூட்டில் அச்சான எழுத்து
சூட்டிலேயே போய்விட்டது,
வேனின் முன்கண்ணாடிக்கு அடியில்.

பினாங்கில் பாதி வீட்டைக் குளிர வைப்பவள் நான்.
என் ரசீதுகள் வெயிலில் வெந்தன.

விளக்குக்கு நேரே பிடிக்கிறேன். சாய்த்துப் பார்க்கிறேன்.
ஓர் எட்டு தெரிகிறது. மூன்றாகவும் இருக்கலாம்.
வரியில்லாத் தாளுக்கு
வரிக்கழிவு கிடையாது.

மிஸ் ஊய் போன வருஷமே சொன்னார்,
ஜெலுத்தோங் கடைவீட்டு மாடியில்,
பேச்சு மலாயில், அதட்டல் ஹொக்கியனில்:
வாங்கிய அன்றே படம் எடு.
ஏழு வருஷம் பத்திரமாக வை.
கடைக் காசு ஒரு பேங்க், வீட்டுக் காசு ஒரு பேங்க்,
இரண்டும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கக் கூடாது.
நூறு வெள்ளி வந்தால்
அதில் பத்து உன்னுடையது இல்லை.
கடைசி நாளுக்குப் பிறகும் ஆன்லைனில் கொஞ்சம் தயவு உண்டு,
தயவை நம்பாதே.
நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.
அவர் ஏர்கான் கரகரவென்றது.
என் காது அங்கேதான் இருந்தது.

செலவுப் பக்கத்தில் சாரங்கன் சம்பளம் இருக்கிறது.
அவன் இபிஎப் இருக்கிறது.
என் சம்பளத்தைத் தேடினேன்.
முதலாளி எடுப்பது செலவில் சேராதாம்,
கடையும் நீயும் ஒருத்திதான் என்கிறது சட்டம்.
என் முழங்காலுக்கு
இது முன்பே தெரியும்.

அடுத்தது வேன்.
தொழிலுக்கு எத்தனை சதவீதம், சொந்தத்துக்கு எத்தனை?

பாயான் லெப்பாஸ் கிளினிக், தொழில்.
மகளின் டியூஷன், சொந்தம்.
தண்ணீர்மலைக்குச் சாமி கும்பிடத்தான் போனேன்,
செருப்பு விட்ட இடத்தில் ஒருவர்
மூன்று யூனிட்டுக்கு ஆர்டர் கொடுத்தார்.
ஏறும்போது சொந்தம், இறங்கும்போது தொழிலா?

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
பின்னால் ஏணி குலுங்க, பக்கத்தில் புவனேந்திரன்.
திரும்பும் வழியில் ரிலாவில் ஒரு வீடு,
தண்ணீர் ஒழுகுகிறது என்று நாலு தடவை போன் பண்ணிவிட்டார்கள்.
பத்தே நிமிஷம் என்று இறங்கினேன்.
நாற்பது ஆனது.
ஜன்னலை இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தார்,
கையில் பஞ்சு ஒட்டியபடி.
எங்கள் வேனில் ஏர்கான் இல்லை. கெட்டு ஒரு வருஷம்.

அந்த நாற்பது நிமிஷத்தை
எந்தக் கட்டத்தில் போடுவது?

வெளுத்த தாள்களைக் குப்பைக்கு ஒதுக்கும்போது
ஒன்று புரண்டது.
பின்பக்கம் நீலப் பேனா.
"14 மார்ச். பெட்ரோல் 60 வெள்ளி. ரிலாவ், ஒழுகல்."
இன்னொன்று: "கேஸ் தோங் 185. கடைக்காரன் பத்து குறைக்கவில்லை."
இன்னொன்று: "பாலம். நல்ல மழை. இவள் சாப்பிடவில்லை."
சாய்ந்து சாய்ந்து போகும் எழுத்து,
ஊசி ஏறிய கையால் எழுதியது.
என்னிடம் சொல்லவே இல்லை.

மிஸ் ஊய் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.
கடையில் போய் நகல் கேள் என்பார்.
நாளைக்குக் கேட்பேன்.
எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்தேன்.
மழை எழுதியதையும் எடுத்தேன்.

உள்ளறையில் அவர் இருமுகிறார்.
வேன், தொழிலுக்கு: எழுபது என்று அடித்தேன்.
அழித்தேன்.
ஐம்பத்தைந்து.