பதினொரு நிமிட ஓ

புகார் ஒற்றைத் தாளில் வந்தது.
எண்பது மீட்டர் அலைவரிசையில்
இரவு இரண்டு பத்துக்கு ஏதோ முனகத் தொடங்குகிறது.
பேச்சு இல்லை, மோர்ஸ் இல்லை,
சங்கேதமாக இருக்கலாம், நடவடிக்கை தேவை.
ரைமோ கெஸ்கித்தாலோ, கெமியார்வி.
கையெழுத்துக்குக் கீழே அழைப்புக்குறி,
பெயரைவிடப் பெரிதாக.

ஊலுவிலிருந்து நான்கு மணி நேரம் வடக்கே ஓட்டினேன்.
அரசாங்க வண்டியில்
வலப்பக்க இருக்கைக்கு மட்டும்தான் சூடு வரும்.
விதிப்புத்தகம் கதகதப்பாக வந்து சேர்ந்தது.

இர்மெலி வாத்தோவாரா லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
ஊரில் மொத்தமே பதினேழு லிஃப்ட்.
"காலணியைக் கழற்றுங்கள்" என்றார்.
அந்த வீட்டில் அது ஒன்றுதான் விதி.

நான் என் விதியை வாசித்தேன்:
பொருளை மறைத்து எதையும் அனுப்பலாகாது.

"மறைக்கவில்லை.
மெதுவாகச் சொல்கிறேன்."

அரை வாட்.
சைக்கிள் விளக்குகூட அதைக் கேட்டால் சிரிக்கும்.
அவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு
இரைச்சலுக்கு அடியில் நுழைந்து
கடல் தாண்டிப் போகவேண்டுமென்றால்
நிதானம் வேண்டும்.
எழுத்துக்குப் பதினொரு நிமிடம்.

முறையை வெளியிட்டீர்களா என்று கேட்டேன்.
"நூலகத்தில்."

போய்ப் பார்த்தேன்.
காணாமல் போன பூனைக்கும்
பனிச்சக்கர விற்பனைக்கும் நடுவில்
மூன்று குண்டூசியில் இரண்டு பக்கம்:
எழுத்து அட்டவணை, சுரத்தின் படிகள், நேர அளவு.
ஒன்பது மாதமாகத் தொங்குகிறது.
பின்னல் வகுப்பின் மாதிரி என்று நினைத்தாராம் நூலகர்.
பூனை கிடைத்துவிட்டதாக
யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

முதல் குற்றம் அங்கேயே உதிர்ந்தது.
இரண்டாவது நின்றது:
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
அழைப்புக்குறியைச் சொல்லியாக வேண்டும்.
ஆறு எழுத்து. அறுபத்தாறு நிமிடம்.
தான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள்
ஆறு முறை குற்றவாளி.

இடையிடையே மோர்ஸில் சொல்லிவிடலாமே என்றேன்.
"தூங்குகிறவரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி
நான்தான், நான்தான் என்பீர்களா?
இதைக் கேட்டு மூன்று கடிதம் போட்டேன்.
பதில் இல்லை."

அந்தக் கடிதங்கள்
எந்த மேசையின் எந்த அறையில் கிடக்கின்றன
என்று எனக்குத் தெரியும்.
நான் காப்பியைக் குடித்தேன்.

இரண்டு பத்து.
அருவி என்கிறார்கள் அந்தத் திரையை.
நீர் இல்லை, கீழே வழிவது நேரம்.
சாம்பல் புள்ளிகளுக்கு நடுவே
முடி அளவு ஒரு கோடு இறங்கியது.
எங்கள் மொழியிலும் குறில் நெடில் உண்டு.
காற்றில் ஒரு மாத்திரை குறைத்தால் நெருப்பு:
தூலி, துலி.
பதினொரு நிமிட நெடிலுக்கு
எந்த இலக்கணத்திலும் இடம் பார்த்ததில்லை.

இரண்டு பன்னிரண்டுக்கு அலுவலகக் கைபேசி அதிர்ந்தது.
ரைமோ.
"ஆரம்பித்துவிட்டது!"
"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்."
"என்ன சொல்கிறது?"
"ஓ போலிருக்கிறது."
"அப்புறம்?"
"இந்த ஓ முடிய இன்னும் ஒன்பது நிமிடம்."

அவர் வைக்கவில்லை.
அவர் வீட்டு வானொலியின் முனகலும்
இந்த வீட்டு முனகலும்
என் காதுக்குள் ஒன்றையொன்று உரசின.
இர்மெலி கம்பளிக்காலுறையில் ஓட்டை தைத்தார்.
நான்காவது எழுத்தில் ரைமோ குறட்டை விட்டார்.
ஐந்தாவதில் விழித்து
எதை விட்டுவிட்டேன் என்று கேட்டார்.
எதையும் இல்லை என்றேன், பாதி எழுத்து.

மூன்று பதினாறுக்குப் பெயர் முடிந்தது.
கோடு அறுந்து மறுபடி தொடங்கியது.
"பெயர்தான் முடிந்ததே," என்றார் ரைமோ,
"இனி என்ன சொல்லப் போகிறாள்?"

காலையில் வண்டிக்குள் படிவத்தை நிரப்பினேன்.
குற்றங்களின் எண்ணிக்கை: ஆறு.
புகார்தாரரின் நிலை: இன்னும் தொடர்பில்.
'பத்து நிமிடத்துக்கு ஒருமுறை' என்ற வரியைப்
பென்சிலால் அடித்தேன்,
மேலே எதுவும் எழுதவில்லை.
அனுப்புநர் பெயருக்கு
ஒற்றைக் கட்டம் விட்டிருந்தார்கள்.
அதை நிரப்ப எனக்கு
நான்கு நொடி ஆனது.