பின்னேற்பு

மஞ்சக்குப்பத்தில் மன்றக் கூடம்.
மின்விசிறி மூன்று, சுற்றுவது இரண்டு.
தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள் நான்.
பேசுவதையெல்லாம் எழுதாதே,
முடிவானதை மட்டும் எழுது
என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

பொருள் எண் பன்னிரண்டு:
சென்ற மழையில் தாழ்வான பகுதிகளில் தேங்கிய நீரை
இறைத்து வெளியேற்ற
டீசல் மோட்டார்கள் ஒன்பது வாடகைக்கு எடுத்த வகையில்
பதினாறு லட்சத்து நாற்பதாயிரம்.
அவசர அவசியம் கருதிச் செலவு
முன்னரே மேற்கொள்ளப்பட்டுவிட்டதால்
மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது.

பின்னேற்பு.
இந்தச் சொல்லைத் தெருவில் எவரும் பேசி
நான் கேட்டதில்லை.
ஊர் என்னவோ அதில்தான் ஓடுகிறது.
முதலில் தண்ணீர் வரும்,
பிறகு மோட்டார்.
வெயில் அடித்து, சுவரில் கோடு காய்ந்து,
பாயெல்லாம் உலர்ந்த பிறகு
அனுமதி வரும்.

மேசைகளைத் தட்டினார்கள்.
'ஏற்கப்' வரை எழுதியிருந்தேன்.
ஜமீலா பீ எழுந்தார்,
கையில் மளிகைக் கணக்கு நோட்டு.

"வண்டிக்காரத் தெருவுலேர்ந்து கெடிலம் வரைக்கும்
ஒரு வடிகால் கேட்டோம்.
பதினோரு வருசத்துக்கு முன்னால
மதிப்பீடு ஒண்ணே கால் கோடி.
நிதி இல்லேன்னீங்க.
அன்னிலேர்ந்து மோட்டாருக்குக் கொடுத்ததை
நான் கூட்டிட்டேன்.
ஒண்ணே முக்கால் கோடி.
தண்ணி மட்டும் அங்கேயேதான் நிக்குது."

சுற்றாத மின்விசிறியைப்
பொறியாளர் அண்ணாந்து பார்த்தார்.
இப்போது அந்த வடிகால்
நாலரைக் கோடி என்றார்.

கணக்கு அலுவலர் பொறுமைசாலி.
மோட்டார் வருவாய்ச் செலவு,
வடிகால் மூலதனச் செலவு,
தலைப்பு வேறு, பெட்டி வேறு.
இதிலிருந்து எடுத்து அதில் போட
விதியில் வழி இல்லை, அம்மா.
மானியம் வந்ததே? வந்தது.
மின்கட்டண நிலுவையைப் பிடித்துக்கொண்டு
மிச்சம் வந்தது.

"அப்போ சொத்துவரியை ஏத்துங்க."
யார் சொன்னதென்று தெரியவில்லை,
பின்வரிசை.
பூவராகன் சிரித்தார்.
"ஏத்தலாம்.
அடுத்த தேர்தல்ல நம்மளையே இறைச்சு
வெளிய ஊத்திடுவாங்க."
கூடமே சிரித்தது. நானும்.
நாலு வருடம் வரி கட்டாத
கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர்
எல்லோரையும்விடச் சற்று நேரம் கூடுதலாகச் சிரித்தார்.

நான் ஒன்று சொல்ல வேண்டும்,
புத்தகத்தில் சேராதது.
அந்த ஒன்பதில் ஒன்று
எங்கள் சந்தில் ஓடியது.
கட்டிலின் இரண்டாம் செங்கல் வரை நீர்,
மின்சாரம் இல்லை,
மாமனாரின் மருந்து டப்பா மிதந்து போனது.
விடியற்காலை மூன்றரைக்கு
அந்த மோட்டார் இருமி, திணறி, பிடித்தபோது
நான் அழுதேன்.
எவ்வளவு வாடகை என்று அப்போது யாரேனும் கேட்டிருந்தால்
அடித்திருப்பேன்.

வடிகாலுக்காக எவரும் அப்படி அழுவதில்லை.
அது நன்றாக வேலை செய்தால்
அங்கே ஒன்றுமே நடக்காது.
நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்?

எழுதினேன்:
பொருள் எண் பன்னிரண்டு ஏற்கப்பட்டது.
உறுப்பினர் கோரிய வடிகால் பணி
நிதிநிலைக்கேற்பப் பின்னர் பரிசீலிக்கப்படும்.
ஓரத்தில் பென்சிலால், சின்னதாக,
பதினோரு வருடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக.

டீயும் போண்டாவும் வந்தன.
அதற்கான பில் அடுத்த மாதம்
பொருள் எண்ணாக வரும்.
வெளியே புரட்டாசிக் கடைசி,
தேவனாம்பட்டினத்துப் பக்கம் வானம் கறுத்திருந்தது.
மோட்டார்காரர் வராந்தாவில்
கைபேசியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார்,
கெட்ட மனிதர் இல்லை.

ஜமீலா பீ என் மேசையருகே நின்றார்.
"எழுதினியாம்மா?"
"முடிவானதை எழுதினேன்."
ஓரத்தைப் பார்த்தார்.
பென்சிலைப் பார்த்தார்.
"கூட்டல் சரிதானே?"

"ஏழாயிரம் விட்டுட்டீங்க," என்றேன்.
"போன வருச டீசல்."
நோட்டைத் திறந்து, நின்றபடியே
அதையும் சேர்த்துக்கொண்டார்.