சந்தா நோட்டு

சான்சிபாரிலிருந்து ஒரு படம் வந்தது.
இடுப்பளவுக் கடலில் நாலு பெண்கள்,
விரலில் துணிச்சுற்று, எங்களைப் போலவே.
சேசுராணி போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து
"அக்கா, இவளுகளுக்கும் பாசிதான்" என்றாள்.
அன்றைக்கே சங்கத்தில் தீர்மானம்:
உலகத்துப் பெண்களெல்லாம் ஒன்று.
நான்தான் எழுதினேன், தேதி போட்டு.

பிறகு டீ வந்தது.
இருளாயி பையிலிருந்து
தன் எவர்சில்வர் தம்ளரை எடுத்தாள்.
யாரும் எடுக்கச் சொல்லவில்லை.
யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

குருசடைப் பக்கம் போனால்
வனத்துறைக்கு நாங்கள் நாலு பேரும் ஒரே திருடி.
வியாபாரி தராசில்
எல்லார் பாசியும் ஒரே மாதிரி எடை குறையும்.
முங்கினால் ஒரே பார், ஒரே மூச்சு.
கரையேறினால்தான்
செய்யதம்மாள் முக்காட்டைப் பிழிந்து போடுகிறாள்,
சேசுராணி கோயில் மணிக்கு ஓடுகிறாள்,
இருளாயி சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.
நேர்ப்பாதை எங்கள் தெரு.

சான்சிபாருக்கு எத்தனை மைலோ, தெரியாது.
இருளாயி வாசலுக்கு
என் வாசலிலிருந்து நூற்றைம்பது தப்படி.
பதினெட்டு வருஷமாகச் சேர்ந்து முங்குகிறோம்,
எண்ணியது நேற்று ராத்திரிதான்,
ஆள் நடமாட்டம் அடங்கினபிறகு.

"அடுத்த கூட்டம் என் வீட்டில் வைப்போமா?" என்றேன்.
இருளாயி சிரித்தாள்.
"ஏன், என் வீட்டுக்கு வழி தெரியாதோ?"

தீர்மானத்தை அடிக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
செவ்வாய். இருளாயி வீடு. டீ அவள் போடுவாள்.

மாமியார் கண்ணில் படாமல்
நோட்டை
அரிசிப் பானைக்குள் வைத்தேன்.