முனை வளையம்

திரைச்சீலை தைத்த கூலிக்கு வந்தது இந்தத் தூண்டில் ராடு.
சோலாஞ்ச் மதாம் வீட்டைக் காலி செய்து
பிரான்சுக்குக் கிளம்பிய வாரம்
"பணமா, இதுவா?" என்று கேட்டார்.
ஆயிரத்து நானூறு பாக்கி.
என்ன நினைத்தேனோ, இது என்றேன்.

ஆறு வளையம். ஆறும் வெறும் எஃகு,
நைலான் நரம்பு ஓடிய காலத்தில் கட்டியவை.
நான் சுற்றியது எட்டு இழை பின்னிய பச்சை நூல்,
நெல்லித்தோப்புக் கடையில் நூற்றைம்பது மீட்டர்.
நூல் எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருடமாக முத்தியால்பேட்டையில்
ஜாக்கெட் தைக்கிறவள்.
விரலில் உருட்டினாலே சொல்வேன்:
இது பருத்தி, இது பாலியெஸ்டர், இது பொய்.

ஞாயிறு விடியலில் அரியாங்குப்பம் ஆற்றோரம்.
வீசினால் ராடு பாடும்,
எண்ணெய் காணாத மிஷின் மாதிரி
மெல்லிசாக, விடாமல்.
"நைலான் ஊமை. பின்னல் நூல் பேசும், அவ்வளவுதான்"
என்றான் மின்துறை எத்தியேன்.
பேச்சு என்றே நானும் நினைத்தேன்.

மாசியில் ஒரு கொடுவா.
தேங்காய்த்திட்டு விளக்குகள் தண்ணீரில் நீளமாகக் கிடந்த நேரம்.
இழுத்தது. நின்றது. தலையை உதறியது.
கண் ஒருமுறை சிவப்பாகத் திரும்பியது.
பிறகு ராடு நிமிர்ந்துவிட்டது,
பஸ் போன பின் கை காட்டுகிறவனைப் போல.

எத்தியேன் முடிச்சைக் குறை சொன்னான்.
முடிச்சு பத்திரமாக மீனோடு போயிருந்தது.
என்னிடம் மிஞ்சிய நுனி பிசிர்பிசிராக,
மொட்டை ஊசி கடித்த நூல்.
கடைக்காரர் போலி என்றார்,
விலை கூடிய சுருளைக் காட்டினார்.
வாங்கினேன். அதுவும் அறுந்தது.
அடியில் பாறை இருக்கும் என்றார்கள்.
அங்கே சேறுதான். முழங்கால் வரை எனக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை,
நாலாவது ஜாக்கெட்டின் இடது கையில்
மிஷின் நூல் அறுந்தது. கோத்தேன். அறுந்தது.
நூல் ஏறி இறங்கும் கண்ணில் நகத்தை வைத்தேன்.
கோடு.
வருடக்கணக்கில் நூல் நடந்த தடம்.

கையை அரைகுறையாக விட்டு எழுந்தேன்.
மூலையில் சாய்ந்திருந்த ராடை மடியில் கிடத்தி
காது குடையும் பஞ்சை ஒவ்வொரு வளையத்திலும் சுழற்றினேன்.
ஐந்தில் வழுக்கியது.
ஆறாவது, எல்லாப் பாரமும் வளைந்து இறங்கும் முனை,
அங்கே பஞ்சு மாட்டிக்கொண்டது.
பள்ளத்தில் ஒரு வெள்ளை இழை
மின்விசிறிக் காற்றில் ஆடியது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று
நாலாம் வகுப்பில் பத்துத் தரம் எழுதியிருக்கிறேன்.
தேய்ந்த கல்லின் விளிம்பு
அப்புறம் எறும்பை என்ன செய்யும் என்று
யாரும் எழுதச் சொல்லவில்லை.

உப்பையும் மண்ணையும் ஏந்திக்கொண்டு
எஃகை அறுத்தது என் நூல்தான்.
அறுபட்ட இடம் நூலை அறுத்தது.
யார் மேல் கேஸ் கொடுப்பது?
ராடு பாடியது என்றேனே, அது பாட்டில்லை,
அரம்.

சென்னையிலிருந்து பீங்கான் பதித்த முனை வரவழைத்தேன்,
இருநூற்றெண்பது ரூபாய்.
பழையதை மெழுகுவத்தியில் காட்டி
பசை இளகியதும் திருகி எடுத்தேன்.
இப்போது சத்தம் குறைந்திருக்கிறது. நிற்கவில்லை.
மற்ற ஐந்தும் எஃகுதான்,
அவற்றுக்கு இந்த மாதம் காசில்லை.
சனி இரவுகளில் பஞ்சைச் சுழற்றிப் பார்க்கிறேன்.
எத்தியேனின் ராடிலும் ஒருநாள் சுழற்றினேன்.
அவன் எதுவும் பேசவில்லை.

பழைய முனை பட்டன் டப்பாவில் கிடக்கிறது.
பாவாடை அளவு கொடுக்க வந்த சிறுமி
துழாவி எடுத்து, மோதிரமா என்று
சுண்டுவிரலில் நுழைக்கப் பார்த்தாள்.
கழற்று, உள்ளே பல் இருக்கு என்றேன்.
விரலை விட்டுத் தடவினாள்.
"எங்கே? வழவழன்னுதானே இருக்கு?"

டேப்பை எடுத்தேன்.
இடுப்பு இருபத்தொன்று.