பால்சுறா

பாசையூர்ச் சந்தையில் ஆறு மணிக்கு
தெக்லா அக்கா ஈரலை விரலில் தூக்கிக் காட்டினா.
"எறியட்டோ, வேணுமோ சேர்?"
வயிற்றில் பாதியை அதுவே அடைத்திருந்தது,
மஞ்சளாய், பிடிக்கப் பிடிக்க நழுவிக்கொண்டு.

விளைக்கும் பாரைக்கும் ஒட்டிக்கும்
உள்ளே ஒரு காற்றுப்பை.
வேண்டிய ஆழத்தில் சும்மா நிற்கும்,
மினிபஸ்சுக்கு நிற்கிற சனம் மாதிரி.
சுறாவுக்கு அது வாய்க்கவில்லை.
எண்ணெய் இருக்கிறது, தண்ணீரிலும் கொஞ்சம் லேசானது.
எலும்புக்குப் பதில் குருத்து.
அதுவும் காணாது.
காணாத மிச்சத்தை
நீந்தி நீந்தித்தான் கட்ட வேண்டும்,
வட்டிக்காசு போல, ஒரு நாளும் தவறாமல்.

பத்தாம் ஆண்டுக்கு இதைப் படம் கீறிப் படிப்பித்தவன் நான்.
வாலின் மேலிதழ் நீளம், கீழிதழ் கட்டை.
மார்புச் செட்டை விறைத்தபடி, பிளேன் இறக்கை மாதிரி.
முன்னே போனால் தூக்கும்.
நின்றால் அமிழும்.
வாயைத் திறந்துகொண்டு போனால்
கடல் தானாக உள்ளே வந்து
செவுள் வழியே மூச்சாகிப் போகும்.
நீந்தாவிட்டால் எல்லாச் சுறாவும் சாகும் என்றும் சொன்னேன்.
பிழை.
சில சுறா மணலில் படுத்துக் கிடந்தே
கன்னத்தால் தண்ணீரை இழுத்து விடும்.
திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது.

கடைசி வாங்கிலிருந்து கம்ஷிகா கேட்டாள்:
"அப்ப அது எப்ப சேர் நித்திரை கொள்ளும்?"
பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.

இப்போது வீட்டில் இருக்கிறாள் ஒருத்தி,
பதினாறு நாள் வயது, பெயர் இன்னும் முடிவாகவில்லை.
கிடத்தினால் அழுகை.
இருந்துகொண்டு ஆட்டினாலும் அழுகை.
தோளில் போட்டு நடந்தால் மட்டும்
மூச்சு சீராகிறது.
எமில்டா இரண்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுச் சரிந்துவிடுவாள்.
என்னிடம் பால் இல்லை.
நடை இருக்கிறது.
வாசற்கதவிலிருந்து குசினிவரை பதினொரு அடி.

பால் ஊற வேண்டுமே, அதுதான் இந்த வறை.
சுடுதண்ணீர் அடுப்பில். தேங்காய் துருவியாயிற்று.
கழுவும்போதுதான் பெருவிரலில் தட்டுப்பட்டது,
இரண்டு மார்புச் செட்டைக்கும் நடுவில்
இன்னும் முழுதாய் ஆறாத ஒரு சின்னக் கோடு.
தொப்புள்.

முட்டையில்லை, குட்டி.
கொடியில் தொங்கி வளர்ந்தது.
புத்தகத்தில் எனக்குத் தெரியும்.
விரலுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.
எங்கள் வீட்டுத் தொப்புள் விழுந்து ஏழு நாள்,
பஞ்சில் சுற்றி அலுமாரியில்.
இதுவோ பிறந்த நிமிடமே
தாயைப் பார்க்காமல் வாலை அடித்திருக்கும்.
அதற்கு யார் நடந்தது?

கத்தியை வைத்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும்.
வைக்கவில்லை.
தோலை உரித்தேன், உப்புத்தாள் மாதிரிச் சுரண்டியது.
குருத்தைப் பொறுக்கி எறிந்து, சதையைப் பிசைந்து,
வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள்.
எமில்டா இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள்.
உப்புக் கூட என்றாள்.

இரவு.
எங்கோ வாசித்தேன்:
நீச்சலை முள்ளந்தண்டு பார்த்துக்கொள்ளுமாம்,
மூளை கொஞ்சம் ஓயலாமாம்.
ஒருவருக்கும் நிச்சயமில்லை.
மூன்றேகாலுக்கும் மூன்றரைக்கும் இடையில்
நான் எங்கே இருந்தேன் என்று எனக்கும் தெரியாது.
கால்கள் போய்க்கொண்டிருந்தன.
அவள் மூச்சு என் கழுத்தில், ஈரமாய்.

சுறாவுக்குப் பின்னுக்கு நீந்த வராது.
அரைத்தூக்கத்தில் பின்னுக்கு நடந்து பார்த்தேன்,
இரண்டே அடி. கண்டுபிடித்துவிட்டாள். கத்தினாள்.

திங்கட்கிழமை கம்ஷிகாவிடம் சொல்ல வேண்டும்,
பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.
எப்படிச் சொல்வதென்றுதான்
குசினிச் சுவரில் முட்டித் திரும்புகிறேன்.
ஒன்பது, பத்து.